சாவி வாங்காத காவலாளி

கள்ளக்குறிச்சியில் நான் மாத வாடகை கொடுத்துக் காரை நிறுத்தியிருந்த கொட்டகைக்கு அவர் காவலாளி. ஒடிசலான உடம்பு, வெளுத்துப்போன காக்கிச் சட்டை, இடது கன்னத்தில் எப்போதும் புடைத்திருக்கும் புகையிலை. பேசும்போது உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொள்வார். இடம் நெருக்கடி என்பதால் எல்லோரும் கார் சாவியை அவரிடமே கொடுத்துவைப்போம்.

ஒரு மாலை, மறந்துவிட்ட குடைக்காகத் திரும்பி வந்தேன். அவர் என் காரின் பானெட்டைத் திறந்து உள்ளே கையை விட்டுக்கொண்டிருந்தார். "இன்னாய்யா திருடுற?" என்று கத்தினேன். என்னைவிட இருபது வயது மூத்தவர். நாலு பேர் பார்க்கச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். வரிசையில் மற்ற பானெட்டுகளும் திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

பத்து நாள் கழித்துக் கார் கிளம்பவில்லை. மெக்கானிக் பானெட்டைத் தூக்கினார். ஒயர்களை எலி கடித்துக் குதறியிருந்தது. மூலையில் துணியில் முடிந்த ஒரு சிறு பொட்டலம்.

"பொகையில சார். இந்த வாடைக்கு எலி அண்டாது. காஞ்சிட்டா மாத்தணும். யாரோ மாத்தாம வுட்டுட்டாங்க."

காவலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் வாயை மறைத்துக்கொண்டார். "சாவி இல்லாம பானெட்டத் தொறக்க முடியல. காருக்குக் கீழப் படுத்தாவது வெக்கலாம்னு பாத்தேங்க. மறுபடியும் திருடன்னு சொல்லுவீங்களேன்னு வுட்டுட்டேன்." மடியிலிருந்த தன் புகையிலையில் பாதியைக் கிள்ளிக் கொடுத்தார். "நீங்களே வெச்சிக்குங்க சார்."

நான் சாவியை நீட்டினேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மன்னிப்பு கேட்க எனக்கு வாய் வரவில்லை. "எத்தன நாளைக்கு ஒருவாட்டி மாத்தணும்?" என்றுதான் கேட்டேன். அதற்கும் அவர் மரியாதையாகவே பதில் சொன்னார்.