மாதாவின் வண்டியில் ஒரு வெளிநாட்டுக்காரர்

சில வருடங்களுக்கு முன், ஆகஸ்ட் மாதக் கடைசியில், திருவாரூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாய்க்கால் கரையில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் முதலில் நெஞ்சு படபடக்கும். அப்புறம்தான் கண் கலங்கும்.

நான் தஞ்சாவூரில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இந்தியாவில் தொழில் தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு நாட்டை அறிமுகப்படுத்துவதுதான் என் வேலை. அதற்காகவே பளபளக்கிற கெட்டித் தாளில் ஒரு கையேடு தயாரித்து வைத்திருக்கிறேன். மக்கள்தொகை, மாநிலங்கள், வரி, கம்பெனி பதிவு, துறைமுகங்கள், தொழிலாளர் சட்டம், விடுமுறை நாட்கள் என்று இந்தியாவையே ஒரு கைப்பிடிக்குள் அடக்கிவிட்ட கர்வம் எனக்கு உண்டு. என் அம்மா வயலில் நாற்று நட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். 'எம் பொண்ணு வெள்ளக்காரங்களுக்கே பாடம் எடுக்குது' என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கர்வத்துக்குக் கேட்கவா வேண்டும்!

அந்த முறை வந்தவர் டென்மார்க்காரர். அறுபதைத் தாண்டியவர், ஆறடிக்கும் மேலே உயரம், அதற்கேற்ற உடம்பு. நாம் அடுப்பெரிக்கவும் சூளைக்கும் அனுப்புகிற உமி இருக்கிறதே, அதைத் தேடிக் கடல் தாண்டி வந்திருந்தார். உமியிலிருந்து தட்டும் கிண்ணமும் செய்கிற ஆலை போட வேண்டுமாம். நெல் எங்கே அதிகமோ அங்கேதானே உமியும் அதிகம். திருவாரூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லைக் காட்ட அழைத்துப் போனேன். கிளம்புவதற்கு முந்தின நாள் அவருடைய மனைவி வீடியோ காலில் வந்து, அவருக்கு வெயில் ஆகாது, கொஞ்சம் பார்த்துக்கொள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். நான் இருக்கிறேன், கவலைப்படாதீர்கள் என்று தலையை ஆட்டினேன்.

வேளாங்கண்ணியில் கொடியேறும் சமயம் அது. எங்கள் பக்கத்துச் சாலைகளில் அப்போது காவி உடுத்தி, செருப்பில்லாமல், மாதா சுரூபம் வைத்த சின்னத் தேர்வண்டியைத் தள்ளிக்கொண்டு கூட்டம் கூட்டமாய் நடந்து போவார்கள். கையேட்டில் 'தவிர்க்க வேண்டிய காலம்' என்ற தலைப்பில் நானே இதை எழுதியிருக்கிறேன், போக்குவரத்து தாமதமாகும் என்று. எழுதினவளே அந்த வாரத்தில் ஆளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினால் யாரைக் குறை சொல்வது? அவருடைய விமான டிக்கெட் அப்படி அமைந்துவிட்டது.

திருவாரூருக்கு முன்னால் ஒரு பாலத்தை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வண்டிகளையெல்லாம் ஊருக்குள் சுற்றிவிட்டார்கள். நடந்து போகிறவர்களுக்கு மட்டும் வாய்க்கால் கரையில் ஒரு குறுக்குப் பாதை, அதிலும் கார் நுழையாதபடி இரும்புக் குழாய் நட்டிருந்தது. எங்கள் கார் நத்தையாய் ஊர்ந்தது. மில்காரர் போன் மேல் போன் அடித்தார். வந்தவருக்கு உட்கார்ந்தே அலுத்துவிட்டது. இவர்களோடு நாமும் நடந்து அந்தப் பக்கம் போய்விடலாமே, கார் சுற்றி வரட்டும் என்றார். ஒரு பக்கம் தண்ணீர் ஓடுகிறது, மறுபக்கம் புது நாற்றங்கால் பச்சை, பாட்டுச் சத்தம். அவருக்கு ஆசை வந்ததில் தப்பில்லை. தொப்பி போட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். தண்ணீர் பாட்டிலைக் காரிலேயே விட்டுவிட்டு, எதற்கும் உதவாத கையேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

முதலில் நன்றாகத்தான் நடந்தார். இந்துக்களும் நடக்கிறார்களா, எங்கே தூங்குவார்கள், வேலைக்கு யார் லீவு கொடுப்பார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. நானும் பக்கம் புரட்டாமலே பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் கேள்வி நின்றது. நல்லவேளை, மூச்சு விடலாம் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், முகம் செக்கச்செவேல் என்று இருக்கிறது. ஒரு பொட்டு வேர்வை இல்லை. என்னைப் பார்த்து வேறு யாரோ பெயரைச் சொல்லி ஏதோ கேட்டார். அடுத்த நொடி, கால் மடங்கிக் கரையிலேயே சரிந்துவிட்டார்.

தொட்டேன். அடுப்பு மாதிரிக் கொதித்தது உடம்பு. டிரைவருக்கு அடித்தால், அக்கா, முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் வர முடியல என்கிறார். 108-க்கு அடித்தேன். எதிர்முனையில் பேசின பெண் நிதானமாகச் சொன்னார்: நிழல் கொடுங்கள், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், மயக்கத்தில் இருப்பதால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸ் பாதைக்குள் வராது, எப்படியாவது அந்தக் கடைசியிலுள்ள மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். எப்படியாவது என்றால் எப்படி? நான்கு பேர் சேர்ந்தாலும் தூக்கி நடக்கிற உடம்பா அது? அவர் மனைவிக்குத் தலையாட்டினது ஞாபகம் வந்தது.

பின்னால் வந்த ஒரு கூட்டம் பாட்டை நிறுத்திவிட்டு ஓடி வந்தது. பத்துப் பதினைந்து பேர் இருக்கும். சொல்வதற்கு முன்பே காவித் துண்டுகளை வாய்க்காலில் முக்கி அவர் மேல் போட்டார்கள். நான்கு பேர் ஒரு புடவையைப் பிடித்து நிழல் கட்டினார்கள். நான் என் கையேட்டால் விசிறிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர்கள் வண்டி கண்ணில் பட்டது. சைக்கிள் சக்கரம் வைத்த தள்ளுவண்டி. நான்கு மூலையிலும் நெற்கதிர் கட்டி, நடுவில் மாதா சுரூபம்.

"அந்த வண்டியக் குடுங்கக்கா, மெயின் ரோடு வரைக்கும்தான்" என்று கெஞ்சினேன், பக்கத்தில் நின்ற நடுவயது அம்மாவிடம்.

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கிறிஸ்தவள் இல்லை. என்ன கேட்டுவிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. வண்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்தவர், அந்த அம்மாவின் கணவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தரமாட்டேன்னு சொல்லலம்மா. கெளம்புன எடத்துலேர்ந்து கோயில் போய்ச் சேர்ற வரைக்கும் மாதாவ நடுவுல எறக்க மாட்டோம். இந்த வருசம் எம் பொண்ணுக்காக வேண்டிக்கிட்டு வர்றோம். ரெண்டு தங்கல. இப்ப ஏழு மாசம்..."

என் கையில் ஒரு உயிர், அவர் கையில் ஒரு உயிர். எந்த வாயால் மறுபடி கேட்பேன்?

அந்த அம்மாதான் முன்னால் வந்தார். "என்னாங்க, தரையில எறக்க மாட்டோம்னுதானே வேண்டுனோம்? தரையில யாரு வைக்கச் சொன்னா? நான் தூக்கிக்கிறேன். மாதாவும் ஒரு புள்ளயப் பெத்தவங்கதானே, அவங்களுக்குத் தெரியாதா" என்றார். புருஷன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வண்டியில் ஏறி, பூமாலையோடு சேர்த்து சுரூபத்தை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டார். மரத்தில் செய்த சுரூபம், நல்ல கனம். பிள்ளையைத் தூக்குகிற மாதிரியேதான் தூக்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? தயங்கி நின்ற அதே மனிதர்தான் முதல் ஆளாகக் குனிந்து, மயங்கிக் கிடந்தவர் தோளுக்கடியில் கைகொடுத்தார். பலகையில் ஏற்றியதும் வண்டி முனகியது. கால் இரண்டும் வெளியே தொங்கின. நெற்கதிர்களுக்கு நடுவில் டென்மார்க்காரர் கிடக்க, வெறுங்காலோடு எல்லோரும் ஓட்டமாய்த் தள்ளினார்கள். முன்னால் போன கூட்டங்களெல்லாம் ஒதுங்கி வழி விட்டன. நான் பக்கத்தில் ஓடியபடியே விசிறினேன். ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா மாதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, தனியாகப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றது. ஏற்றினார்கள், நானும் ஏறினேன், கதவு மூடியது. ஒரு நன்றி சொல்லவில்லை, எந்த ஊர் என்று கேட்கவில்லை. கூட்டத்தில் யாரோ "வேளாங்கண்ணியில பெரிய தேர் பாத்துட்டுத்தான் ஊருக்குப் போவோம், பயப்படாம போம்மா" என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

அரசு மருத்துவமனையில் அவர் பிழைத்துக்கொண்டார். வழியிலேயே உடம்பைக் குளிர வைத்ததும் சீக்கிரம் கொண்டுவந்ததும்தான் காப்பாற்றியது என்றார் டாக்டர். மறுநாள் கண் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, என்னைத் தூக்கி வந்தது யார் என்பதுதான். நாட்டைப் பற்றி எது கேட்டாலும் பதில் வைத்திருப்பவள் நான், அதற்கு மட்டும் என் கையேட்டில் பக்கமே இல்லை. பொண்ணு, ஏழு மாசம், வேண்டுதல் என்று தெரிந்ததைச் சொன்னேன்.

டிஸ்சார்ஜ் ஆனதும் வேளாங்கண்ணிக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்தக் கூட்டத்தில் யாரைத் தேடுவது? எங்கு பார்த்தாலும் காவி. சாலையோரம் வரிசையாய்த் தேர்வண்டிகள். தொப்பியும் போட்டு, குடையும் பிடித்து, இரண்டு பாட்டில் தண்ணீரோடு அவரை நடத்திக்கொண்டு போனேன். நெற்கதிர் கட்டின வண்டியே பல இருந்தன. சலித்துப்போய்த் திரும்பும்போது, "ஏம்மா, அய்யா பொழச்சிட்டாங்களா?" என்று ஒரு குரல். அந்த அம்மாவேதான்.

அவர்கள் எல்லோரும் எழுந்து நின்று அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் வண்டியைக் கவனித்தேன். அவருடைய கனத்தில் நடுப்பலகை தொய்ந்து போயிருந்தது. ஆனாலும் மாதா நேராக நின்றிருந்தார். சுரூபத்தின் அடியில் பளபளவென்று ஏதோ மடித்துச் செருகியிருந்தது. என் கையேடு! ஆம்புலன்ஸ் ஏறும் அவசரத்தில் வண்டியிலேயே போட்டுவிட்டிருக்கிறேன்.

"பலக வளஞ்சதுல மாதா ஒரு பக்கமா சாஞ்சிட்டே வந்தாங்க. இது கெடந்துச்சு, கெட்டித் தாளு. மடிச்சு அடியில குடுத்தேன், அப்பறம் ஆடல" என்ற அந்த அம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முக்கியமான பேப்பராம்மா? எடுத்துத் தந்துடட்டுமா?" என்று பதறினார்.

"இருக்கட்டும்க்கா" என்றேன். மடிப்பில் துறைமுகங்களின் படம் மட்டும் தெரிந்தது. அதன் மேல் மெழுகுவர்த்தி உருகிச் சொட்டியிருந்தது. டென்மார்க்காரர் என்னவென்று கேட்டார், சொன்னேன். குனிந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாம் கும்பிடுவதைப் பார்த்துப் பார்த்து, கையைக் கோணலாகக் குவித்தார்.

ஊருக்குப் போன பிறகு அவர் அனுப்பிய மெயில்களில் முதல் வரி அந்த அம்மாவின் மகள் எப்படியிருக்கிறாள் என்றே இருக்கும். உமியெல்லாம் அதற்கு அப்புறம்தான். வேளாங்கண்ணியில் வாங்கி வைத்த நம்பருக்கு நான் போன் செய்து கேட்டுச் சொல்லுவேன். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒருநாள் அந்த அம்மாவே கூப்பிட்டார். என்ன சொன்னார் என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, பின்னால் ஒரு குழந்தை அப்படிக் கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தமே எனக்குப் போதுமாக இருந்தது. திருவாரூர்ப் பக்கம் இப்போது அந்த டென்மார்க்காரரின் ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது.

புதிதாக யார் வந்தாலும் இன்றும் அதே கையேட்டைத்தான் நீட்டுகிறேன், ஆனால் முதல் பக்கத்தைத் திருப்புவதற்கு முன், மகளுக்காகச் சுமந்து வந்த சாமியை யாரோ ஒருவருக்காகத் தன் இடுப்பில் ஏற்றிக்கொண்ட அந்த அம்மாவுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போடாமல் என்னால் இந்த நாட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச முடிவதில்லை.