ஒயர் எங்கே போகிறது

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஹைடெக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டராகச் சேர்ந்த முதல் வருடம் அந்தப் பெருமையை மறைக்கத் தெரியாமல் திரிந்தேன். தேர்தல் நெருங்கிய ஒரு நாள், ஆபீஸ் சாப்பாட்டு மேசையில் பேசியதை அப்படியே மல்லாபூர் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஓட்டு மெஷின்களை எல்லாம் இன்டர்நெட்டில் இணைத்துவிட வேண்டும், யாரும் வெயிலில் நிற்க வேண்டியதில்லை, அன்றைக்கே முடிவு தெரிந்துவிடும் என்று அம்மாவிடம் அளந்தேன்.

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. அவள் ஒரு மாத்திரை கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை பார்த்தாள். ஓட்டு மெஷினில் யார் எந்தப் பட்டனை அமுக்கினாலும் தன் கம்ப்யூட்டரில் தெரிந்துவிடும், தான் சொன்ன சின்னத்தை விட்டு மாற்றி அமுக்கினால் திங்கட்கிழமை முதல் வேலை கிடையாது என்று அங்கே மேஸ்திரி சொல்லியிருந்தார். வெறும் மிரட்டல் என்றுதான் அம்மா நினைத்திருந்தாள். இப்போது கம்ப்யூட்டர் படித்த மகளே இப்படிப் பேசுகிறாள்.

“அப்ப நான் ஓட்டுக்குப் போகல. நக்கோ, வேணாம்.”

இன்னும் இணைக்கவில்லை, இணைத்தாலும் யார் போட்டது என்று தெரியாதபடி பூட்டிவிடலாம் என்று விளக்கினேன். அம்மா முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

“நீ இன்டர் பரீட்சைல கணக்குல ஃபெயிலாப் போனியே, நமக்கு முன்னாடி அதை யாரு கண்ணு பாத்தா?”

எதிர்வீட்டு அக்காதான் பார்த்தாள். நெட் சென்டரில் தன் மகளின் பிளஸ் டூ ரிசல்ட் பார்க்கப் போனவள், அதற்கு அடுத்த ஹால் டிக்கெட் நம்பரையும் போட்டுப் பார்த்தாள். அது என்னுடையது. நான் வந்து சேர்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. அன்று என்னை உள்ளே அனுப்பிவிட்டு, வாசலில் நின்று எல்லோருக்கும் பதில் சொன்னவள் அம்மா. அதை நான் ஆபீஸில் யாரிடமும் சொன்னதில்லை.

“ஓட்டு லிஸ்ட்லயும் எனக்கு ஒரு நம்பர் இருக்குல்ல?” என்றாள்.

பூட்டுப் பேச்சை விட்டேன். மெஷின் பேட்டரியில் ஓடுவது, எதனோடும் சேராதது, நீயே வந்து பார், சந்தேகம் வந்தால் திரும்பிவிடலாம் என்று மட்டும் சொன்னேன்.

ஓட்டு நாளன்று பள்ளிக்கூட அறையில் பெண்கள் வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். விரலில் மை வைத்த பிறகும் அவள் அட்டை மறைப்புக்குப் பின்னால் போகவில்லை. மெஷினிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் தரையில் ஓடியது. முழங்காலைப் பிடித்துக் குனிந்து அதைப் பார்த்தாள். என்ன தேடுகிறாய் என்று அதிகாரி தெலுங்கில் கேட்டார். இது எங்கே போகிறது என்று அம்மாவும் தெலுங்கிலேயே கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. தன் பையை நகர்த்தி, மேசைமேல் இருந்த பெட்டியோடு அது முடிந்துவிடுவதைக் காட்டினார். சுவரில் காலியாக இருந்த பிளக் பாயின்டையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அம்மா மறைப்புக்குப் பின்னால் போனாள். பீப் சத்தம் வந்ததும் மை வைக்க நான் விரலை நீட்டினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் டிஃபன் பையைக்கூடக் கீழே வைக்காமல் சிரித்தாள்.

“கேட்லயே நிறுத்தி, நீ போட்டதை கம்ப்யூட்டர்ல பாத்தேன், நம்ம சின்னத்துக்கே போட்டிருக்கே, சந்தோஷம்ங்கிறாருடீ மேஸ்திரி. ஹவ் அண்ணா, ஆமான்னுட்டு உள்ள போயிட்டேன்.”

உண்மையில் போட்டது வேறு எந்தச் சின்னத்துக்கு என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் அதே பேச்சு வந்தது. இணைக்க வேண்டாம் என்றேன். போன வாரம் நீதானே வேண்டும் என்றாய் என்று கேட்டார்கள். கணக்கில் நான் ஃபெயிலானதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.