சித்திரை மாதத்துத் தேரைகள்

1. வேலைக்குச் சேர்ந்தது

முதல் நாள் லேடி டாக்டர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "தேரையைக் கையால பிடிப்பியா?" என்பதுதான். மதுரையில் லேப் வேலை படித்துவிட்டு, ராமநாதபுரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். அது 1950-களின் கடைசி. வயக்காட்டில் வளர்ந்தவளுக்குத் தேரையிடம் என்ன பயம்? பிடிப்பேன் என்றேன்.

இன்று கர்ப்பம் உண்டா இல்லையா என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். அன்று எங்களுக்கு அதைச் சொன்னது ஆண் தேரை. பெண்ணின் யூரினைத் தேரையின் முதுகுத் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுவோம். கர்ப்பம் இருந்தால், அந்த யூரினில் உள்ள ஹார்மோன் தேரையின் விந்தணுக்களை வெளியே தள்ளிவிடும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தேரையின் மூத்திரத்தில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அவை நீந்துவது தெரியும். தெரிந்தால் பாசிட்டிவ். தெரியாவிட்டால் நெகட்டிவ்.

லேடி டாக்டருக்கு இந்த டெஸ்ட் மேல் முழு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு முறையும் பிரசவ வார்டில் இருக்கும் நிறைமாதக்காரி ஒருத்தியின் யூரினை வேறு இரண்டு தேரைகளுக்குச் சேர்த்து ஏற்றச் சொன்னார். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். ஆஸ்பத்திரியின் தலைவரான பெரிய டாக்டர் இதைக் கேட்டுச் சிரித்தார். "தேரைக்கே பரீட்சை வைக்கிறீங்களாம்மா?"

"ஆமா சார். அது பாஸானாத்தானே அது சொல்றதை நம்ப முடியும்."

மழைக்காலத்தில் ஊருணிக் கரையில் பிடித்த தேரைகள் எல்லாம் பாஸாயின. கோடை வந்ததும் தேரை கிடைப்பதே கஷ்டம். தண்ணீர்ப் பானைக்கு அடியில், வாழைக்கு அடியில் தோண்டித்தான் எடுக்க வேண்டும். எடுத்தவையும் வற்றிப்போய்க் கிடக்கும். அவற்றில் சில, நிறைமாதக்காரியின் யூரினுக்கே நெகட்டிவ் காட்டத் தொடங்கின.

2. பஞ்சவர்ணம்

அந்தச் சித்திரையில் ஒரு நாள் காலை, உச்சிப்புளிக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து மாட்டுவண்டியில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பெயர் பஞ்சவர்ணம். கூட வந்தவன் அவள் புருஷன் முனியசாமி, விவசாயி. அடிவயிற்றில் வலி, இரண்டு தரம் மயக்கம். கல்யாணமாகி வெகு காலம் பிள்ளை இல்லாமல் இருந்து, இப்போதுதான் நாள் தள்ளியிருக்கிறது என்று சொன்னாள்.

லேடி டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "தோள்பட்டை வலிக்குதாம்மா?"

"ஆமாம்மா. படுத்தா இங்கன குத்துது."

லேடி டாக்டர் முகம் மாறியது. வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில தங்கிருக்கும்னு தோணுது. அப்படின்னா குழாய் வெடிச்சு உள்ளே ரத்தம் போகுது, அதான் தோள்ல குத்துது. பெரிய டாக்டர் டெஸ்ட் ரிசல்ட் இல்லாம வயித்தைத் திறக்கச் சம்மதிக்க மாட்டார். சீக்கிரம் போடு."

அவளுடைய யூரினை ஒரு தேரைக்கும், கண்ட்ரோலை இரண்டு தேரைகளுக்கும் ஏற்றினேன். காத்திருந்த நேரத்தில், பஞ்சவர்ணத்தைப் படுக்க வைத்திருந்த பிரசவ வார்டுக்குப் போய்ப் போய் வந்தேன். ஒவ்வொரு தரமும் அவள் முகம் இன்னும் வெளுத்திருந்தது.

நேரமானதும் அவளுடைய தேரையின் சொட்டை முதலில் பார்த்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு சொட்டு எடுத்தேன். அதிலும் இல்லை. வாசலில் நின்ற வார்டு ஆயா, "என்னக்கா, இல்லையா?" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்துக் கண்ட்ரோல். முதல் தேரையில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு வார்டில் நடந்துகொண்டிருந்தவளுக்கும் கர்ப்பம் இல்லை என்றன அந்தத் தேரைகள்.

வார்டுக்கு ஓடினேன். அதற்குள் முனியசாமி பெண்டாட்டியைக் கட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தான். ஆயா சொல்லிவிட்டிருக்கிறாள்.

"வயித்துல ஒண்ணுமில்லைங்குறாக. இவ்வளவு நாளும் என்கிட்ட பொய் சொல்லிருக்கா. வெறும் வயித்துவலிதானே, ஊருல போயி பாத்துக்கிறோம்."

பஞ்சவர்ணம் கண்ணைத் திறக்காமலே, "நான் பொய் சொல்லல," என்றாள்.

நான் கதவை மறித்து நின்றேன். "அண்ணே, பொய் சொன்னது தேரை. அவ இல்ல. அங்கன பாருங்க, அந்த நிறைமாசக்காரிக்கும் இல்லைன்னுதான் சொல்லுது. கீழ படுக்க வைங்க."

அவன் அந்த நிறைமாதக்காரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கட்டிலில் கிடத்தினான்.

3. ஊசி

பெரிய டாக்டர் வந்தார். "நெகட்டிவ்னு சொன்னாங்களே?"

"கண்ட்ரோலும் நெகட்டிவ் சார்," என்றார் லேடி டாக்டர். "இன்னைக்கு இந்த டெஸ்ட்டே செல்லாதுன்னுதான் அர்த்தம்."

பெரிய டாக்டர் வாதாடவில்லை. பஞ்சவர்ணத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "அப்ப ஊசி போட்டுப் பாத்துருவோம்."

கர்ப்பப்பைக்குப் பின்னால் உள்ள குழியில் நீண்ட ஊசியை விட்டு இழுத்தார்கள். சிரிஞ்சில் கறுத்த ரத்தம் ஏறியது. அதை டெஸ்ட் டியூபில் ஊற்றி என் கையில் கொடுத்தார்கள். ஊசி தவறி ரத்த நாளத்தில் குத்தி வந்த ரத்தம் என்றால் உறைந்துவிடும். வயிற்றுக்குள் கசிந்து தேங்கிய ரத்தம் உறையாது. டியூபைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது.

"உறையல சார்."

"தியேட்டருக்குக் கொண்டு போங்க."

முனியசாமியின் ரத்தம் அவளுக்குச் சேர்ந்தது. நான்தான் எடுத்தேன். ஊசி குத்தும்போது அவன் கையைப் பார்க்கவில்லை, தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப அவ சொன்னது நெசந்தானா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "பிள்ளை?" என்றான். குழாயில் தங்கியது பிழைக்காது என்று சொல்ல வேண்டியிருந்தது. அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான்.

வெடித்த குழாயை எடுத்தார்கள். பஞ்சவர்ணம் பிழைத்தாள்.

அந்தக் கோடை முடியும்வரை பெரிய டாக்டர் தேரை டெஸ்ட்டை நிறுத்திவைத்தார். மழைக்குப் பிறகு மறுபடி தொடங்கியபோது, கண்ட்ரோல் முடிவு இல்லாத ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவரே சொன்னார்.

பிறகு தேரை போய், யூரினைக் கண்ணாடித் துண்டில் சொட்டி மருந்து கலந்து பார்க்கும் ஸ்லைடு டெஸ்ட் வந்தது, அதுவும் போய் வேறு வந்தது. லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு டெஸ்ட் 'இல்லை' என்றால், நிச்சயமாக இருக்கிற இடத்தில் அது என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். அதைப் பார்க்கும்வரை நோயாளியின் வார்த்தையைத் தள்ளிவிடாதீர்கள்.