பகா எண் என்று அவர் சொன்ன 9,99,919

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுக்கிற வேலை அவருக்கு. தெருவில் 'வாய்ப்பாடு' என்றால்தான் தெரியும். எந்த மீட்டர் எண்ணைப் பார்த்தாலும் அது எதால் வகுபடும் என்று கண்டுபிடிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. அந்தக் கிறுக்குக்குக் கூட்டாளி அவருடைய அக்கா. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், தையல் மெஷினை மிதித்துக்கொண்டே பாதி நாள் தம்பியை முந்திவிடுவாள்.

ஒருநாள் புது மீட்டர் ஒன்றில் 9,99,919 வந்தது. "இது உடையும்டா" என்றாள் அக்கா. இவர் ஒப்பவில்லை. ஆயிரத்துக்குள் நூற்று அறுபத்தெட்டு பகா எண்கள். அவற்றில் எதாலும் வகுபடாவிட்டால் இதுவும் பகா எண்தான். ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வகுத்தார். ஒவ்வொரு முறையும் மீதி வந்தது. வீடு நிறைய உறவுக்காரர்கள் இருந்த நேரம் பார்த்து நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"எதாலயும் உடையல. நீ துணி வெட்டுறதோட நிறுத்திக்கோக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் எந்த எண்ணையும் தொடவில்லை. கேட்டால், "தலைக்கு மேல வேலை கிடக்கு" என்பாள். இருபத்திரண்டு வருஷம் அப்படியே ஓடியது. மனுஷனுக்கு அது உறைக்கக்கூட இல்லை.

அக்கா படுக்கையில் விழுந்து, டாக்டர் கையை விரித்த பிறகுதான் பழைய விளையாட்டு நினைவுக்கு வந்தது. அவளுக்குக் காட்டலாமென்று நோட்டைத் தேடி எடுத்தார். கடைசி வரியில் 983. அதற்கு மேல் 991, 997 இரண்டும் வகுக்காமல் பாக்கி. ஜெயித்துவிட்ட அவசரத்தில் விட்டிருக்கிறார். 991-ஆல் வகுத்தார். மீதியே இல்லாமல் 1009 வந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அவள் கண் மூடுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"அக்கா, அந்த எண் உடையுதுக்கா. நீ சொன்னதுதான் சரி."

அவள் போர்வைமேல் விரலால் ஒரு சதுரம் போட்டாள்.

"ஆயிரத்துக்கு ஆயிரம் துணிடா. மூலையில ஒம்பதுக்கு ஒம்பது வெட்டிட்டா மிச்சம் உன் எண். நீட்டிக்கிட்டு நிக்கிற ஒம்பது அகலத் துண்டை எடுத்து இந்தப் பக்கம் தைச்சா, நீளம் ஆயிரத்து ஒம்பது, அகலம் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொண்ணு."

"இது எப்பக்கா தெரியும்?"

"நீ நம்பரைச் சொன்னப்பவே."

"அப்ப ஏன் சொல்லல?"

"எப்படின்னு நீ கேக்கவே இல்லையேடா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். கேட்பதற்கு இப்போது எவ்வளவோ இருந்தது; அவளுக்கு மூச்சு விடுவதே பெரும்பாடாக இருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள்.