தொண்ணூறு வயதுக் கணக்கு

தையற்கடைச் சாக்பீஸ் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸைப் போல விரலில் பொடியாக உதிராது. சோப்புத் துண்டு மாதிரி வழுவழுவென்று இருக்கும். பலகையில் இழுத்தால் சத்தம் வராது, எழுதியது லேசில் அழியவும் அழியாது. மலாய் நாடு சுதந்திரம் பெற்ற அந்த வருடத்தில், காஜா பேராங் வட்டாரத்தில் எங்கள் பலகை வீட்டின் உட்சுவர் முழுக்க என் கூட்டல் கழித்தல்கள்தான். எல்லாம் சுலைமான் கடைச் சாக்பீஸால் எழுதியவை.

சுலைமான் எங்கள் தெருமுனைத் தையற்காரர். மனைவியை இழந்தவர், நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. அவர் கடைச் சட்டைகளுக்குக் 'காஜா' எடுத்துக் கொடுப்பது அத்தாவின் தங்கை மைமூன். எங்கள் வீட்டில் அப்பாவை 'அத்தா' என்றும் அவர் கூடப் பிறந்தவளை 'குப்பி' என்றும் கூப்பிடுவோம். சன்னலோரம் பாயில் உட்கார்ந்து, பொத்தான் துளையைச் சுற்றி எறும்பு போவது போல் தையல் போடுவாள். சட்டைக் கட்டு வந்து இறங்கும்போதெல்லாம் உள்ளே ஒரு துண்டு சாக்பீஸ் இருக்கும். "இது படிக்கிற புள்ளைக்காம்" என்று குப்பி என்னிடம் நீட்டுவாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆணிலும் பெண்ணிலும் முதல் ஆள். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. இப்போதும் இருக்கிறது, மறைப்பானேன்.

குப்பிக்கு அப்போது முப்பத்தாறு வயது. இருபத்திரண்டு வயதில் ஜப்பான்காரர்கள் அவள் புருசனைச் சந்தைக்குப் போன இடத்தில் லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவருக்கு அன்று இருபத்தெட்டு. போனவர்களில் திரும்பி வந்த சிலரிடம் அத்தா தேடித் தேடி விசாரித்தார். பார்த்தேன் என்று சொன்னவரும் இல்லை, புதைத்தேன் என்று சொன்னவரும் இல்லை. அதனால் குப்பி விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. பெருநாளைக்குப் பூ வாங்கினால் அவளுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று அம்மா ஒவ்வொரு வருடமும் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பாள்.

கொடி தைக்கும் காலம் வந்தது. எங்கு பார்த்தாலும் சிவப்பு வெள்ளைப் பட்டைகள். சுலைமான் கடையில் கை போதாமல், பட்டைகளை இணைத்துத் தைக்கும் வேலையும் எங்கள் வீட்டுக்கே வந்தது. மாநிலத்துக்கு ஒன்றாகப் பதினொரு பட்டை சரியாக இருக்கிறதா என்று எண்ணிச் சொல்வது என் வேலை. அந்த நாட்களில் ஒரு நாள், சட்டைக் கட்டைத் தம் சின்னப் பெண்ணிடம் கொடுத்து அனுப்பாமல் சுலைமானே வந்தார். அத்தாவின் முன்னால் உட்காராமல் நின்றபடியே, குப்பியை நிக்காஹ் செய்து தரக் கேட்டார்.

அத்தா உடனே மறுக்கவில்லை. "மார்க்கம் இடம் கொடுத்தா எனக்கென்ன தம்பி" என்றார்.

அங்கேதான் சிக்கல். பழைய இமாம்கள் குர்ஆனையும் நபிவழியையும் ஆராய்ந்து வகுத்துத் தந்த சட்டவழியை 'மத்ஹபு' என்போம். சுற்றியிருந்த மலாய்க்காரர்கள் ஷாபி; நாங்கள் சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்தது ஹனபி. பக்கத்து வீட்டு மலாய் அம்மாள் விசயத்தைக் கேட்டுச் சிரித்தேவிட்டாள். அவர்களுடைய மார்க்க நீதிபதி காதியிடம் போய்ச் சொன்னால் பழைய கல்யாணத்தை வெட்டிவிடுவார், இதற்கா பதினாலு வருடம் என்றாள். அத்தா ஒப்பவில்லை. "அவங்க ஷாபி. அவங்க வெட்டிவிட்டா நமக்கு வெட்டாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு இரண்டு பேரை வீட்டுக்கு அழைத்தார். ஒருவர் எங்களுக்கெல்லாம் ஓதிக் கொடுத்த ஆலிம்சா. மற்றவர் வடக்கே படித்துவிட்டுப் புதிதாக வந்திருந்த அமீது மவ்லவி; எந்த இமாம் சொன்னார் என்று கேட்காமல், குர்ஆனிலும் ஹதீஸிலும் என்ன இருக்கிறது என்று நேராகப் பார்க்க வேண்டும் என்பவர். அப்படிப்பட்டவர்களை மலாய்க்காரர்கள் 'காவும் மூடா', இளைய கூட்டம், என்பார்கள். எங்கள் ஆட்கள் 'புதுக்கட்சி' என்பார்கள், கொஞ்சம் மூக்கைச் சுளித்துக்கொண்டு. அம்மாவும் குப்பியும் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். நான் சிறுமி என்பதால் இரண்டு பக்கமும் போய்வந்தேன்.

"காணாமப் போனவன் இருக்கான்னுதான் வச்சுக்கணும். அவன் வயசுக்காரங்கல்லாம் மௌத்தாகி மண்ணுக்குப் போற காலம் வரைக்கும் அவ அவன் பொண்டாட்டி" என்றார் ஆலிம்சா. "நம்ம கிதாபுல நூத்திருபது வயசுன்னும் இருக்கு, தொண்ணூறுன்னும் இருக்கு. தொண்ணூறே போதும்னு நான் எடுத்துக்கறேன்." அதைத் தம் இரக்கமாகத்தான் சொன்னார்.

"ஹஜ்ரத், உமர் கலீபா நாலு வருசம்னு தீர்ப்புச் சொல்லியிருக்காங்களே" என்றார் அமீது. "நாலு வருசம், அப்புறம் நாலு மாசம் பத்து நாள் இத்தான்னு காத்திருக்கணும். அவ்வளவுதான். பெண்ணை அந்தரத்துல தொங்க விடாதீங்கன்னு குர்ஆனே சொல்லுது."

"அந்த ஆயத்து ரெண்டு பொண்டாட்டிக்காரனுக்கு வந்தது, தம்பி. நீங்க கேட்ட அதே விசயத்துல அலியார் கலீபா என்ன சொன்னாங்க? அவ சோதிக்கப்பட்டவ, பொறுத்துக்கட்டும்னாங்க."

"மாலிக் இமாமும் நாலு வருசந்தான் சொல்றாங்க."

"அப்பத் தொழுகைக்கு ஹனபி, கல்யாணத்துக்கு மாலிக்கியா? மத்ஹபு என்ன, சுலைமான் கடைத் துணியா? பிடிச்ச கலர்ல நாலு கெஜம் கிழிச்சுத் தாங்கன்னு கேக்க?"

அத்தாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அமீது மட்டும் சிரிக்கவில்லை. "துணி ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணுன்னு ஆயிடக் கூடாது, ஹஜ்ரத்" என்றார்.

ஆலிம்சா அவருக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார். "இங்கிலீசு படிக்கிற புள்ளைதானே. காணாமப் போன மாப்பிள்ளைக்குத் தொண்ணூறு எப்ப நிறையுதுன்னு போட்டுச் சொல்லு பார்ப்போம்."

பெரியவர்கள் சபையில் என்னிடம் ஒன்று கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை. சாக்பீஸை எடுத்துச் சுவரில் போட்டேன். பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்து. மார்க்கக் கணக்கு பிறைக் கணக்கல்லவா, ஹிஜ்ரி வருடத்தில் பதினொரு நாள் குறைவல்லவா என்று எனக்கே தோன்றியது. தொண்ணூறைப் பதினொன்றால் பெருக்கி, நாட்களை வருடமாக்கிக் கழித்தேன். ஆலிம்சாவுக்கே தோன்றாத ஒன்று எனக்குத் தோன்றிவிட்டது என்ற பூரிப்பில், திரைக்குப் பின்னாலும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

"இரண்டாயிரத்து இரண்டு. குப்பிக்கு அப்போ எம்பத்தொண்ணு. இங்கிலீசுக் கணக்குல பார்த்தா எம்பத்துநாலு ஆகியிருக்கும். மூணு வருசம் மிச்சம்!"

திரைக்குப் பின்னால் கத்தரிக்கோல் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் அம்மா திரைக்குள்ளிருந்தே அத்தாவிடம் பேசினாள். வெளி ஆண்கள் இருக்கும்போது அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "பொட்டப் புள்ளைய இங்கிலீசு இஸ்கூலுக்கு அனுப்பாதேன்னு இதே ஹஜ்ரத்துதானே சொன்னாங்க. அன்னைக்கு எந்தக் கிதாபைப் பாத்து அனுப்புனீங்க? உங்க புத்தியில பட்டதைத்தானே செஞ்சீங்க? அந்தப் புத்திய இவளுக்குக் கொஞ்சம் கொடுக்கக் கூடாதா?"

அத்தா கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். "இஸ்கூல் தப்பாப் போனா பாதியில நிறுத்திக்கலாம்" என்றார். "இது தப்பாப் போனா? நாளைக்கு அவன் வாசல்ல வந்து நின்னா? அவ தலையில ஹராமை ஏத்துன பாவம் எனக்கு வேண்டாம்."

குப்பியை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்து வந்த சட்டைக் கட்டில் சாக்பீஸ் இல்லை. அதற்கடுத்துக் கட்டே வரவில்லை. ஒரு வருடம் கழித்துச் சுலைமான் உஜோங் பாசிரில் பெண் எடுத்து, கடையையும் அந்தப் பக்கமே மாற்றிக்கொண்டு போனார். அமீது மவ்லவியும் வேறு ஊருக்குப் போய்விட்டார். சுவரில் என் கணக்கு மட்டும் இருந்தது. ஈரத் துணியால் துடைக்கப் போனேன். "இருக்கட்டும், படிச்சு எழுதினது" என்று குப்பி தடுத்துவிட்டாள். அதில் குத்தல் இருந்ததா என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

எட்டு வருடம் ஆகிவிட்டது. நான் ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். எடுக்கப்போவதும் கணக்குப் பாடம்தான். தெருமுனைத் தையற்கடை இருந்த இடத்தில் சைக்கிள் கடை இருக்கிறது. காஜா எடுக்க இயந்திரம் வந்துவிட்டது. குப்பியைத் தேடிச் சட்டை வருவதில்லை. சென்ற பெருநாளைக்குச் சுவருக்கு நீலச் சாயம் அடித்ததில் என் எண்களும் மறைந்துவிட்டன.

போன மாதம் அத்தா பள்ளிவாசலிலிருந்து வேகமாக வந்தார். செங் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு பெண். புருசன் கடலுக்குப் போய் ஐந்து வருடமாகத் தகவல் இல்லை. அவளுக்கு மறுமணம் ஆகும் என்று ஆலிம்சாவே சொல்லிவிட்டாராம். ஊரிலிருந்து கிதாபு வந்திருக்கிறதாம்; நெருக்கடியான நேரத்தில் மாலிக் இமாமின் நாலு வருடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று நம் ஹனபி உலமாக்களே என்றைக்கோ எழுதி வைத்திருக்கிறார்களாம். அமீது சொன்ன அதே நாலு வருடம். இப்போது அது மத்ஹபின் வழியாகவே வந்து சேர்ந்திருந்தது.

"உனக்கும் ஆகும்னு சொல்லிவிட்டாரு, மைமூன்" என்றார் அத்தா.

குப்பி சன்னலோரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. என்னிடம்தான் கேட்டாள்.

"சுலைமான் வீட்டுப் புள்ளைக்கு இப்ப என்ன வயசிருக்கும்?"

"பன்னிரண்டு" என்றேன். நாக்கு முந்திக்கொண்டது.

"ஒன் கணக்கு என்னைக்கும் தப்பாது" என்று சொல்லி, சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.