பீலிக்குப் பக்கத்துத் தொங்கல் காம்பரா

ரிப்பனைப் பல்லில் கடித்தபடிதான் ஆண்டியப்பன் எனக்குக் காலை வணக்கம் சொல்வார். விடிந்தும் விடியாமலும் மகள் மீனம்மாவை முதுகில் சுமந்துவந்து தோட்டப் பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அவளுக்குச் சடை பின்னுவார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக் காய்த்துப்போன விரல்கள். ஆனாலும் வகிடு நூல் பிடித்த மாதிரி இருக்கும்.

"இழுக்காதீங்கப்பா, வலிக்குது!"

"தலய ஆட்டாம இரும்மா. அங்க பெரட்டுல கங்காணி என் பேரச் சொல்லிக் கத்திக்கிட்டு இருப்பாரு."

வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி கத்துவது தினமும் நடப்பதுதான். அதற்காக ஆண்டியப்பன் ஒரு சடையோடு நிறுத்தியதில்லை. மகளை என் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு அப்புறம்தான் ஓடுவார். நான் அங்கே வாத்தியார், நாங்கள் குடியிருப்பது பள்ளியை ஒட்டிய அறையில்.

மூன்று வயதில் வந்த காய்ச்சல் மீனம்மாவின் கால்களைச் சூம்ப வைத்துவிட்டது. சமதரை என்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். இந்த மலையில் சமதரைக்கு எங்கே போவது? அதனால் அப்பாவின் முதுகுதான் அவளுக்கு வண்டி. மனக்கணக்கில் கெட்டிக்காரி, எழுத்துத்தான் கோழி கிளறிய மாதிரி இருக்கும்.

கொழுந்தெடுக்கப் போகும் அவள் அம்மா வீரம்மா வீடு திரும்ப இருட்டிவிடும். ஆண்களுக்கோ கொடுத்த கணக்கை வெட்டி முடித்தால் மத்தியானமே விடுதலை. ஆகவே மகளை அழைத்துப்போவது, மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்க வார்ப்பது, சோறாக்குவது எல்லாம் ஆண்டியப்பன்தான். கூட்டாளிகள் அவரை 'அம்மா' என்று கேலி செய்வார்கள். "ஆமாடா, தீவாளிக்கு எனக்கும் ஒரு சேல எடுத்துக் குடுங்க" என்பார்.

போன வருடம் மீனம்மாவுக்குப் பதினொரு வயது. ஒரு நாள், "இனிமே நீங்க குளிக்க வாக்க வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டாள். அவர்கள் இருந்த மேட்டு லயத்து வரிசை வீட்டிலிருந்து பீலிக்குச் செங்குத்தான கற்படிகள். தானாக இறங்க அவளால் ஆகாது. அம்மா வரும்போதோ இருட்டும் குளிரும். குளியல் ஞாயிற்றுக்கிழமைக்குப் போயிற்று. வகுப்பில் பிள்ளை யார் பக்கத்திலும் உட்காராமல் மூலையில் ஒதுங்க ஆரம்பித்தாள்.

"நாளைக்கு வயசுக்கு வந்துட்டா எம் மக தண்ணிக்கு யார் கையப் பாத்துக்கிட்டு நிப்பா, மாஸ்டர்?" என்று கேட்டார் ஆண்டியப்பன்.

இந்த ஆண்டு தோட்டத்தில் புது லயம் கட்டினார்கள். சிமெந்துத் தரை, தனி அடுப்படி, ஓட்டுக் கூரை. தோட்டமே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. பழைய ஆள் என்று ஆண்டியப்பனுக்கும் ஒரு வீடு விழுந்தது. அவர் தோட்டத்து அதிகாரி கண்டாக்கையா முன்னால் போய் நின்று, "எனக்கு வேணாங்கய்யா. பணிய லயத்துத் தொங்கல் காம்பராவக் குடுங்க" என்றார்.

பணிய லயம் மலையின் அடியில் இருப்பது. அதன் கடைசி அறைதான் அந்தத் தொங்கல் காம்பரா. பீலித் தண்ணீர் இரவும் பகலும் காதருகே கொட்டும். கூரைத் தகரம் ஓட்டை. அங்கிருந்த சிவசாமி குடும்பம் புது லயத்துக்குத் தப்பித்துப் போகிறதே என்று எல்லாரும் சந்தோஷப்பட்ட அறை அது.

"புது வீட்ட வேணாங்கிறியே, சங்கத்துக்காரங்க சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கண்டாக்கையா முறைத்தார்.

"இல்லீங்கய்யா. பொம்பளப்புள்ள வளருதுங்க. அங்கேருந்து பீலி வரைக்கும் செவுரு இருக்கு. புடிச்சிக்கிட்டு அதுவே போயி வந்துரும்."

கண்டாக்கையாவுக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. பதிவில் பேரை மாற்றி எழுதினார். பிறகு, "சரி, போ" என்றார். வீரம்மாதான் சமாதானம் ஆகவில்லை. புது அடுப்படி கைக்கெட்டியும் போய்விட்டதே என்று, சாமான் தூக்கி முடியும்வரை புருஷனிடம் பேசவில்லை.

போன ஞாயிறு அங்கே போயிருந்தேன். ஒழுகும் இடத்துக்கு நேரே ஒரு வாளி இருந்தது. வீட்டு முன்புறத்து இஸ்தோப்பில் என்னை உட்கார வைத்து வீரம்மா தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு கணவன் பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள். பீலி அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான் வரும். திடீரென்று ஒரு சண்டை கிளம்பியது.

"நான்தான் முந்தி வந்தேன். ஒங்க கொடத்த ஓரமா வைங்க அத்தே!" மீனம்மாவின் குரல்.

"அடியாத்தி! நேத்து குடி வந்தவ எனக்கு மொற சொல்றியா?" இது ராக்காயி. அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் இந்த லயத்தில் இல்லை.

"தலையில சவுக்காரம் போட்டுட்டேன். குளிச்சிட்டுத்தான் நகருவேன்!"

வீரம்மா பதறி எழுந்தாள். "அய்யோ, அந்தப் பொம்பள புள்ளயப் புடிச்சித் தள்ளிறப் போறா..."

ஆண்டியப்பன் அவள் கையை எட்டிப் பிடித்தார். "நீ சும்மா இரு. சண்ட போடட்டும்" என்றார். அவள் மறுபடி உட்காரும்வரை அந்தக் கையை விடவில்லை.