சாமைக் களியும் ஆம்பூர் மூக்கும்

ஈரத் தோலும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்ந்து கிளப்பும் அந்தத் துவர்த்த நாற்றம் உங்களுக்குக் குமட்டும், எனக்குப் பசிக்கும். ஷூவின் மேல்பாகம் தைக்கிற என் இரண்டு ஷெட்டுகள், ஆட்களை ஏற்றிவரும் பஸ், மாடி வீடு, மூன்று பெண்களின் கல்யாணம் எல்லாம் அந்த நாற்றத்திலிருந்து எழுந்தவைதான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பேங்கில் உட்காரச் சொல்லாதவர்கள், கூடவே இருந்து குழி பறித்தவர்கள் எல்லோரையும் மீறிக் கட்டினேன். யாரையும் நம்பாததால்தான் கட்ட முடிந்தது. ஒரே ஒரு தடவை நம்பியிருக்கிறேன். அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். அப்பாவை 'நைனா' என்பேன். ஆம்பூரில் ஒரு பாயின் டேனரிக்குக் கடுக்காய் வாங்கி வருவது அவர் வேலை. தோல் பதப்படுத்தக் கடுக்காய் வேண்டும், நல்ல கடுக்காய்க்கு ஜவ்வாது மலை ஏற வேண்டும். முந்தின பருவத்தில் எவனோ ஒரு வியாபாரி மலைக்காரர்களை ஏமாற்றிவிட்டுப் போனதால், அந்த வருஷம் கீழேயிருந்து வந்தவர்களையெல்லாம் அவர்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வெறுங்கையோடு இறங்கினால் நைனாவுக்கு வேலை கிடையாது. "பச்சாவயும் கூட்டிட்டுப் போப்பா. புள்ளயோட வந்தவன் மோசம் பண்ண மாட்டான்னு நெனப்பாங்க" என்றார் பாய்.

காடும் அருவியும் தாண்டினால், பலகைக் கற்களை நட்டு மேலே ஒரு கல்லால் மூடிய 'குள்ளர் வீடுகள்'. எந்தக் காலத்து மனிதர்கள் கட்டினார்களோ, இன்று அவற்றைப் பார்க்கக் கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அன்று எனக்கு ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் ஒருவன் ஒளிந்திருப்பதாகவே பட்டது. வழி நெடுக நைனாவுக்கு வேறொரு பயம். "எது குடுத்தாலும் வாயில வெக்காதடா. சோத்துல 'இடுமருந்து' வெச்சு மயக்கிருவாங்க. அப்பறம் இங்கியே ஆடு மேய்ச்சிட்டுக் கெடக்க வேண்டியதுதான்."

மலை வழக்கமோ வேறு. வந்தவன் சாப்பிட்ட பிறகுதான் வியாபாரப் பேச்சு. ஊர்க்கவுண்டர் வீட்டு வாசலில் அவர் மனைவி சாமைக் களியும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். நைனா வட்டிலைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். தோல் அழுகலா, கடுக்காய் பழசா என்று மூக்குதான் சொல்லும், யோசிக்கும் முன்பே கை தூக்கிவிடும்.

கவுண்டர் எழுந்துவிட்டார். "இன்னாய்யா, செத்த மாட்டுத் தோலுன்னு நெனச்சியா மோந்து பாக்குற? ஏ புள்ள, வட்டில எடு. மூட்டையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

"மருந்து எங்க இருக்குதுன்னு தேடறாருபோல" என்றாள் அவள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நைனா வட்டிலைக் கீழே வைத்தார். நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தேன். அதே சட்டிக் களியைத்தான் அது கன்னமெல்லாம் அப்பிக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளைக்கு மருந்து வைப்பாளா? வட்டிலை இழுத்து ஓர் உருண்டையை வாயில் போட்டேன்.

"யக்கா, கொழம்பு கம்மியா இருக்குது. இன்னும் ஊத்து."

கவுண்டர் சிரித்தபடி உட்கார்ந்தார். "பையன் தேறுவான்யா. அப்பன்தான் பேஜாரு."

அன்றே மூட்டைகள் மலையிறங்கின. அடுத்தடுத்த பருவங்களிலும் இறங்கின. நைனா வேலையும் தப்பியது.

போன மாதம் பேரப்பிள்ளைகளோடு போய்வந்தேன். தார் ரோடு வந்திருக்கிறது. ஓட்டலில் களியை 'மலை ஸ்பெஷல்' என்கிறார்கள். மூட்டை இறங்கிய ஒற்றையடிப் பாதையைப் புதர் மூடிவிட்டது, எங்கள் தொழிலும் கெமிக்கலுக்கு மாறிவிட்டது. குள்ளர் வீடுகளுக்கு அருகே யாரோ புதுப் பலகை வைத்திருக்கிறார்கள். இயற்கை, வரலாறு, பலவகை மக்கள் என்று நீளமாக எழுதி, மலை மக்களின் நம்பிக்கையைப் பெற்றுக் கடுக்காய் வியாபாரத்தை மீட்டவர் என்று பாயின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். பாய் அந்த மலையில் கால் வைத்ததே இல்லை. வழிகாட்டிப் பையனிடம் நடந்ததைச் சொன்னேன்.

"கத சூப்பரா இருக்கு தாத்தா. சாட்சி யாரு?"

என்னையே சந்தேகப்படுகிறான்! பாய் நல்ல மனிதர். உயிரோடு இருந்தால் அவரே "அந்தப் பச்சாதான்பா சாப்ட்டது" என்று சொல்லியிருப்பார். விஷயம் தெரிந்தவர் எவரோ வேண்டுமென்றே என் பெயரை விட்டிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பலகை வைத்தவர்களுக்குச் சொல்கிறேன், பாயின் பெயரை அழிக்க வேண்டாம். அதற்குக் கீழே, முகர்ந்து பார்க்காமல் முதல் உருண்டையை எடுத்தவன் என்று என் பெயரையும் எழுதுங்கள். பெயிண்ட் என் செலவு. எழுத்து மட்டும் பாயின் பெயரைவிட ஒரு பொட்டுகூடச் சின்னதாக இருக்கக் கூடாது.